கோழிக்கூண்டில் ஓடிய கூரான்தேர்

எங்கள் மருந்தகத்தில் இப்போது கம்பவுண்டராக இருக்கும் செல்வி போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணே, பனிக்காலம் வருது. வீட்ல கோழி வளக்கறவங்களுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கறோம். நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இல்லன்னா பழைய நோட்டீஸ்ல இருக்கறதையே போட்டுடறேன். 'கோழிகளைப் பனி படாமல் பார்த்துக்கொள்ளவும்'னு இருக்கு."

"போடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். செல்வி பயந்துவிட்டாள். ஏனென்று போனில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வரியை ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டு நான் பட்ட பாட்டை உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

முதலில் என்னைப் பற்றி. பெயர் கலியபெருமாள். புதுச்சேரியில் கால்நடை மருந்தகத்தில் முப்பத்திரண்டு வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவன். மாட்டுக்கு மருந்து கொடுப்பவன் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கோழிக்கு என்றால் சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போனபோது என் மாமியார், "கோழிக்கா ஊசி போடறாரு? அது தாங்குமா?" என்று கேட்டார். கடைசிவரை அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

பயிற்சி என்று மூன்று மாதம். அதில் கற்றதை மூன்று வரியில் சொல்லிவிடலாம். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்கு வந்த பின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். ஊசியை இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே போட வேண்டும். ஊசியை விட ஐஸ் முக்கியம். மூன்றாவதை வகுப்பில் எழுதிக்கொண்டேன், மண்டையில் ஏற்றிக்கொண்டது பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்தில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமயம். ஐஸில் மருந்து வைத்த ஃபிளாஸ்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனவன், வழியில் தெரிந்தவர் கடையில் டீ குடித்துக்கொண்டே அரைமணி நேரம் கதை பேசினேன். ஐஸ் உருகி மருந்து வெதுவெதுப்பாகிவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அதையே போட்டேன். அந்த வருடம் கழிச்சல் வந்தபோது அந்தத் தெருவில் நான் ஊசி போட்ட கோழிகளும் செத்தன, போடாத கோழிகளும் செத்தன. "ஊசி போட்டும் போச்சே தம்பி" என்று ஒரு மீனவப் பெண் என்னிடம் திட்டாமல் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஃபிளாஸ்கோடு நான் எங்கும் டீ குடித்ததில்லை.

டாக்டர் மங்கையர்க்கரசி எங்கள் மருந்தகத்துக்கு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு முப்பது சொச்சம். கனகசெட்டிக்குளத்துக்காரர், அப்பா கடலுக்குப் போகிறவர். நேற்று வந்த பெண் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறது என்ற மிதப்பு எனக்கு இருந்தது உண்மை. அவருக்குச் சில பழக்கங்கள். நோய்ப்பட்ட கோழியைக் கொண்டுவந்தால் "இன்னா பண்ணுது?" என்று கேட்க மாட்டார். "ராத்திரி எங்க படுக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதென்றால் கூண்டைத் திறக்குமுன் விடியற்காலையில் போவார். போனதும் புடவையைச் செருகிக்கொண்டு கோழி உயரத்துக்குக் குந்திவிடுவார். நாற்பது பக்க நோட்டு ஒன்று கையிலேயே இருக்கும். வீட்டுக்காரர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதுவார். கோழி மந்தமாகக் கிடப்பதை "கோழி மப்பா இருக்கு" என்றால் மப்பா இருக்கு என்றுதான் எழுதுவார்.

ஒருமுறை முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. கோழிகளுக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம், கோழி அம்மை. கூண்டில் வேப்பிலை செருகிவிட்டு வீட்டம்மா கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "அம்மா வந்துருக்கு. மருந்து கிருந்துன்னு யாரும் கிட்ட வரக்கூடாது." நான் வைரஸ், கொசு என்று விளக்க ஆரம்பித்தேன். டாக்டர் என் கையைத் தட்டி நிறுத்தினார்.

"சரிம்மா. அம்மா வந்த வீட்ல மத்தவங்கள தள்ளித்தானே வெப்பீங்க? அப்ப நல்லா இருக்கற கோழிய அந்தாண்ட வெச்சுடுங்க. கண்ணு தெரியாத கோழிக்கு நீங்களே ஊட்டுங்க. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுத் தடவுங்க. சாயங்காலத்துல கொசு இல்லாம பாத்துக்குங்க."

அந்த அம்மாள் அத்தனையும் செய்தார். கோழிகள் பிழைத்தன. அடுத்த வருடம் சீசனுக்கு முன்பே தடுப்பூசிக்கு அவரே வந்து நின்றார். என் மிதப்பு அன்றைக்குக் கொஞ்சம் வடிந்தது. முழுக்க வடிந்தது உப்பளத்தில்.

உப்பளம் என்பது புதுச்சேரியிலேயே ஒரு பகுதி, அங்கே ஒரு சொல்தா இருந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்சன் வாங்குகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். பெயர் லூயி, மரியாதையாக முசியே லூயி என்போம், வயது எழுபத்து நான்கு. பிரான்சின் வடக்கே குளிர்ப்பிரதேசத்தில் பல வருடம் இருந்துவிட்டு மனைவியோடு ஊர் திரும்பியவர். மனைவி இறந்த பிறகு தனி ஆள். அந்தத் தனிமையில்தான் கோழி வளர்க்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு பெட்டை, ஒரு சேவல்.

ஒரே மகள் தெரேஸ், பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "பப்பா, கெளம்பி வந்துடுங்க" என்பாள். "எனக்கு இங்க இருபத்திமூணு உசிரு இருக்கு" என்பார் இவர். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கோழிகள் இருக்கும்வரை அவர் இங்கே இருக்கலாம். கோழி இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் விமானம் ஏறிவிட வேண்டும். அங்கே ஆறாவது மாடியில் அவருக்கு ஓர் அறை தயாராக இருந்தது. இதையெல்லாம் அவர் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஐப்பசியில் நான் தடுப்பூசி போடப் போன அன்று.

அன்று அவர் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக்கொடுத்த அழகை இன்றைக்கும் சொல்லலாம். கால் இரண்டையும் ஒரு கையில், இறக்கையை மறு கையில், பட்டாளத்து ஒழுங்கு. ஆனால் ஒவ்வொரு தடவையும், "தம்பி, அந்தக் கதவ சாத்து. கூரான்தேர் வருது" என்றார்.

"எந்தக் கோயில் தேரு முசியே?" என்று கேட்டுவிட்டேன். மாசிமகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று உண்மையாகவே குழம்பினேன்.

கையில் கோழியோடு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் நடுவில் பாய்ந்து வருமே காற்று, பிரெஞ்சில் அதற்குப் பெயர் கூரான்தேராம். "நம்ப ஆளுங்க பேய்க்குப் பயப்படுவாங்க. அங்க கூரான்தேருக்குப் பயப்படுவாங்க. முதுகுல பட்டா போச்சு, சளி நெஞ்சுல ஏறிடும். குளிர்காலத்துல கொடில போட்ட சட்டை பலகையாட்டம் நிக்கும் தம்பி. நான் பாத்திருக்கேன்."

நானும் சிரித்துவிட்டு, ஊசியைப் பெட்டியில் வைத்துக் கிளம்பும்போது எல்லா வீட்டிலும் சொல்வதுபோல் சொன்னேன்: "மார்கழி வருது முசியே, பனி படாம பாத்துக்குங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது.

மார்கழி பாதியில் ஒரு சாயங்காலம் முசியே லூயியின் பக்கத்து வீட்டு வசந்தா மருந்தகத்துக்கு ஓடி வந்தார். பறவைக் காய்ச்சல் பயம் டிவியில் காலை மாலை ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. முழுக்கவசம் போட்டவர்கள் கோழிகளைச் சாக்கில் அள்ளுவதைக் காட்டிக்காட்டியே ஜனங்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டிருந்தார்கள். "சொல்தா வீட்டுக் கோழிங்க தும்முது டாக்டர். மூஞ்சி வீங்கிக் கிடக்குது. நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு செத்துப்போச்சு. எங்க வூட்ல ஆறு மாசக் கொழந்த இருக்கு. நீங்க வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க. இல்லன்னா நான் மேல எழுதிப் போட்டுடுவேன்" என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. என் பேரப்பிள்ளை அந்த வீட்டில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டாக்டர் உடனே முசியே லூயிக்குப் போன் செய்தார். செத்த கோழியை வெறும் கையால் தொடக்கூடாது, புதைக்கவும் கூடாது, வீட்டிலிருந்து முட்டைகூட வெளியே போகக்கூடாது, காலையில் நாங்கள் வரும்வரை கூண்டைத் திறக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் அவரைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார்.

விடியற்காலையில் போனோம். வாசலிலேயே முகமூடி, கையுறை, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பை. வாசற்படியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் சாக்கை நனைத்துப் போட்டேன், போகும்போதும் வரும்போதும் அதை மிதித்தாக வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முசியே லூயி அந்த நேரத்தில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு விறைப்பாக நின்றார். விசாரணைக்கு வந்த அதிகாரிகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

பின்கட்டில் இருந்தது கோழிக்கூண்டு. கூண்டு என்ன, ஒரு சின்ன அறை. மூன்று பக்கம் செங்கல் சுவர், முன்பக்கம் கம்பி வலை, மேலே சிமெண்ட் ஓடு. ஐப்பசியில் நான் பார்த்தபோது காற்றோட்டமாக இருந்தது. இப்போது கம்பி வலையே தெரியவில்லை. தார்ப்பாய், அதன் மேல் பிரான்சிலிருந்து கொண்டுவந்த கம்பளி. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த சந்துகளில் பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தார். உள்ளே நூறு வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

டாக்டர் கம்பளியை ஓரமாக ஒரு முழம் விலக்கிக் குந்தினார். டார்ச் அடித்து வெளியிலிருந்தே ஒவ்வொரு கோழியாகப் பறவைக் காய்ச்சலின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார், சொல்லச்சொல்ல நான் எழுதினேன். கொண்டை சிவப்பாகத்தான் இருக்கிறது, நீலம் பாரிக்கவில்லை. காலில் ரத்தத் திட்டு இல்லை. எச்சத்தில் பச்சை இல்லை. கண்ணில் நுரை, கண்ணைச் சுற்றி வீக்கம், மூச்சு விடும்போது கொர்கொர் சத்தம். பிறகு தலையை உள்ளே நீட்டி, கழியில் உட்கார்ந்திருந்த கோழிகளின் உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மீனை மோந்து பார்த்தே நேற்றையதா இன்றையதா என்று சொல்லக்கூடிய மூக்கு அவருக்கு. அன்று அது முகமூடிக்குள் இருந்தது. ஆனால் தலையை வெளியே எடுத்தபோது இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

"அண்ணே, நீங்க வாங்க. கண்ண மூடாதீங்க."

நான் குந்தி முகத்தை நீட்டினேன். பத்து எண்ணுவதற்குள் வெங்காயம் உரித்ததுபோல் எரிந்தது. எச்சமும் தரையில் பரப்பிய மரத்தூளும் ஈரத்தில் ஊறி, அதன் காரமான ஆவி போக வழியில்லாமல் அத்தனையும் உள்ளேயே நின்றது. டாக்டர் கையை உயர்த்தி ஓட்டின் உட்புறம் ஒரு விரலால் இழுத்தார். தண்ணீர் வழிந்தது.

"பனி வெளில இல்ல முசியே. உள்ளதான் பேயுது" என்றார். "யாரு இப்படி மூடச் சொன்னது?"

முசியே லூயி என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு, "யாரும் சொல்லல மதாம். நானாத்தான் மூடினேன். அங்க குளிர்ல இருந்தவன் இல்லியா" என்றார்.

அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூட நிற்கிறவனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது பட்டாளத்தில் பழகியதாக இருக்கலாம். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அப்படியே விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைச்சாவடிப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

"இல்ல மேடம். நான்தான் சொன்னேன்."

"இன்னா சொன்னீங்க? அதே வார்த்தைல சொல்லுங்க."

"பனி படாம பாத்துக்குங்கன்னு."

நோட்டை என் கையிலிருந்து வாங்கி அந்த வரியை அப்படியே எழுதினார். கத்துவார் என்று நின்றேன். "இது வைத்தியம் இல்லண்ணே. வீட்டுக்கு வந்தவங்க போகும்போது சொல்லிட்டுப் போற வார்த்தை. நானும் எத்தன பேருகிட்ட சொல்லிருக்கனோ" என்றார். அவ்வளவுதான். என் மிதப்பு அங்கேதான் முழுக்க வடிந்தது.

வசந்தா மதிலுக்கு மேல் குரல் கொடுத்தார். "இன்னா டாக்டர், அள்ளப் போறீங்களா இல்லியா?"

டாக்டர் மதிலோரம் போய் நின்று நிதானமாகப் பேசினார். "எனக்குப் பாத்தா அந்தக் காய்ச்சல் மாதிரி தெரியல வசந்தாம்மா. ஆனா என் கண்ண நம்பச் சொல்ல மாட்டேன். செத்த கோழிய ஐஸ்ல வெச்சு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் இங்கேந்து ஒரு எறகு வெளில போவாது. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். கொழந்தைய இந்தப் பக்கம் தூக்கிட்டு வராதீங்க. பதில் கெட்டதா வந்தா அன்னிக்கே நானே அள்ளறேன்."

வசந்தா வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தார். "உங்க பேச்ச நம்பிதான் இருக்கேன்" என்று உள்ளே போனார்.

செத்த கோழியை இரண்டு பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டினேன். அன்று ஐஸை மூன்று தடவை பார்த்தேன். முசியே லூயி தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் விறைப்பு எல்லாம் போய்விட்டிருந்தது. "ஞாயித்துக்கெழம தெரேஸ் கூப்புடுவா தம்பி. கோழியையே பாத்துக்கத் தெரியாத மனுசன் தன்னை எப்படிப் பாத்துக்குவாருன்னு கேப்பா. கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?"

 செய்ய வேலை இருந்தது. தார்ப்பாயையும் கம்பளியையும் பிடுங்கினோம். ஊறிப்போன மரத்தூளை வாரிக் கொல்லையின் கோடியில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். தரையில் சுண்ணாம்பு தூவி, காய்ந்த உமியை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினோம். பல்பைக் கழற்றினோம். "கோழி உடம்புல போர்வைய போத்திக்கிட்டுதான் பொறக்குது முசியே. குஞ்சுக்குதான் பல்பு" என்றார் டாக்டர். நோய் முற்றியவற்றைத் தனியாகப் பிரித்தோம். மருந்து கலந்த தண்ணீரைப் பகலில் மட்டும் வைப்பது, இரவில் தண்ணீர்ப் பானையை வெளியே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

கடைசியாகச் சுவர். டாக்டர் மேல்வரிசையில் எதிரும் புதிருமாக இரண்டு இரண்டு செங்கல்லை எடுத்துவிடச் சொன்னார். முசியே லூயி துள்ளி எழுந்தார். "மதாம்! எதிரும் புதிருமா ஓட்ட போட்டா அது கூரான்தேர்!"

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தேர்க்கதையைச் சொன்னேன். அந்தக் காலையில் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு கழியில் உட்கார்ந்திருந்த கோழியின் தலையைக் காட்டினார். அங்கிருந்து ஒரு முழம் மேலே சுவரைத் தொட்டுக் காட்டினார். "வாடைக்காத்து கோழி மேல பட்டா தப்புதான், அதனால வடக்கால கழி உசரம் வரைக்கும் சாக்கு கட்டிக்குங்க. ஆனா தேரு ஓடித்தான் ஆவணும் முசியே. தலைக்கு மேல ஓடட்டும். நீங்க இருந்த ஊர்லயும் கோழிக்கூண்டுல மேல ஒரு ஓட்ட இருந்திருக்கும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

கிழவர் யோசித்தார். உள்ளே போய் உளியும் சுத்தியும் எடுத்துவந்து, என்னைத் தொடவிடாமல் நாலு செங்கல்லையும் தானே பெயர்த்தார்.

அடுத்த நாள் ஒரு கோழி செத்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வரவில்லை. நான் தினமும் விடியற்காலையில் போய் முகமூடியைக் கட்டிக்கொண்டு குந்தி முகத்தை வைத்தேன். முதல் நாள் லேசாக எரிந்தது. மூன்றாம் நாள் எரியவில்லை. கொர்கொர் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமை சேவல் கூவியது, தொண்டை கட்டிய பாகவதர் மாதிரி இருந்தாலும் கூவியது. அன்று மதியம் பதிலும் வந்தது: அந்தக் காய்ச்சல் இல்லை. காற்றில்லாத இடத்தில் பிடித்துக்கொள்ளும் சளி நோய்தான். டாக்டர் முதலில் வசந்தா வீட்டுக் கதவைத்தான் தட்டினார். தாளை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னார். வசந்தா இரண்டு தடவை படித்துவிட்டு அழுதார். "அஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்ல டாக்டர்" என்றார்.

இருபது கோழிகள் பிழைத்தன. ஞாயிற்றுக்கிழமை போனில் முசியே லூயி மகளிடம் மூன்று செத்ததையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே, "இன்னும் இருபது இருக்கு. இருவதயும் எப்படிப் பாத்துக்கறதுன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றாராம். தெரேஸ் "சரி பப்பா" என்றாளாம்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை எந்த வீட்டிலும் கிளம்பும்போது எதையும் சொல்லிவிட்டுப் போனதில்லை. சொல்ல வேண்டியதைக் கூண்டின் முன்னால் குந்திக் காட்டிச் சொன்னேன்.

செல்விக்கு இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்: "கூண்டில் கோழியின் தலைக்கு மேலே காற்று போக வழி விடுங்கள், தரையை ஈரமில்லாமல் வையுங்கள். காலையில் திறக்குமுன் கோழி உயரத்துக்குக் குந்தி முகத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் கண்ணும் எரிகிறது." இரண்டு வரி கேட்டாள், நாலு வரியாகிவிட்டது. அடித்துக்கொள்ளட்டும்.

நோட்டீஸில் சேர்க்க முடியாத ஒன்று உண்டு. அந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மார்கழியில் உப்பளத்துக்குப் போயிருந்தேன். தெரேஸ் லீவில் வந்திருந்தாள். முசியே லூயி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கோழிக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார், முப்பத்தொன்று ஆகிவிட்டிருந்தது. பின்கட்டுக் கதவும் ஜன்னலும் திறந்திருக்க, வாடைக்காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. தெரேஸ் பதறி எழுந்து, "பப்பா, கூரான்தேர்!" என்று ஜன்னலைச் சாத்தப் போனாள்.

கிழவர் கையை நீட்டி மறித்தார்.

"வுடு தெரேஸ். ஓடட்டும்."